வினேஷ் போகத் மறுபடியும் வரலாமா?

பழங்காநத்தம் பக்கம் 90களில் டவுசர் போட்டுத் திரிந்த யாரிடமாவது போய் "மல்யுத்தம்" என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஞாபகத்துக்கு வருவது அண்டர்டேக்கர். அப்புறம் ராக், ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின். பெட்டிக்கடையில் வாங்கின ட்ரம்ப் கார்டில் யார் எத்தனை உயரம், எத்தனை எடை, என்ன ரேங்க் என்பதெல்லாம் வாய்ப்பாட்டை விட நன்றாக மனப்பாடம் ஆகியிருந்த காலம் அது. நிஜமான மல்யுத்தம், அதாவது முன்கூட்டியே முடிவு எழுதி வைக்காத மல்யுத்தம், நம்மூர் டீக்கடைப் பேச்சுக்கு வந்து சேர ரொம்ப நாளானது. அதைக் கொண்டு வந்து சேர்த்தது ஒரு நூறு கிராம்.

2024 ஆகஸ்ட் 7. பாரிஸ் ஒலிம்பிக். பெண்கள் 50 கிலோ பிரிவு இறுதிப் போட்டி அன்று காலை வினேஷ் போகத் எடை மெஷினில் ஏறி நின்றார். 50 கிலோ 100 கிராம். தகுதி நீக்கம். மறுநாளே ஓய்வு அறிவிப்பு.

நூறு கிராம் என்றால் எவ்வளவு? இரண்டு கோழி முட்டை. கீழவாசலில் ஒரு கிளாஸ் ஜிகர்தண்டா குடித்தால் அதைவிட அதிகமாக ஏறும். அதனால்தான் குஸ்தியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்குக் கூட அன்றைக்கு வயிறு எரிந்தது.

அப்படி ஓய்வு பெற்றவர் 2025 டிசம்பர் 12 அன்று, "ஓய்வை வாபஸ் வாங்குகிறேன், இலக்கு 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்" என்கிற பொருளில் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதற்கு ஐந்து மாதம் முன்புதான் அவருக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. இரண்டு முட்டியிலும் பழைய காயம். போதாததற்கு ஹரியானாவில் எம்.எல்.ஏ. வேறு.

வரலாமா, வேண்டாமா? ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். தீர்ப்புக்கு முன்னால் வழக்கைக் கொஞ்சம் விவரமாகப் பார்த்துவிடலாம்.

முன்கதைச் சுருக்கம்

வினேஷ் பிறந்தது 1994 ஆகஸ்ட் 25, ஹரியானாவின் பலாலி கிராமம். சின்ன வயதிலேயே அப்பாவைப் பறிகொடுத்தவர். பெரியப்பா மகாவீர் சிங் போகத்தான் பயிற்சி கொடுத்தார். 'தங்கல்' படத்தில் ஆமிர் கான் நடித்தாரே, அதே மகாவீர் சிங்தான்.

2014, 2018, 2022 என்று மூன்று காமன்வெல்த் போட்டிகளில் வரிசையாகத் தங்கம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம். மல்யுத்தத்தில் அதை வாங்கிய முதல் இந்தியப் பெண் இவர்தான். 2019, 2022 உலக சாம்பியன்ஷிப்களில் வெண்கலம். இத்தனை இருந்தும் ஒலிம்பிக் மட்டும் கடைசி வரை கைக்கு எட்டவில்லை.

2016 ரியோவில் கால் இறுதி. சீனாவின் சுன் யானனோடு மோதும்போது வலது முட்டி போனது. வலியில் கத்தியவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். 2021இல் நடந்த டோக்கியோ போட்டிக்கு 53 கிலோவில் முதல் இடத்தில் தரப்படுத்தப்பட்டுப் போனார். அங்கேயும் கால் இறுதியோடு சரி.

2023இல் டெல்லி ஜந்தர் மந்தர் போராட்டம். மல்யுத்த சம்மேளனத் தலைவராக இருந்த பிரிஜ் பூஷண் சரண் சிங் மீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு சொல்லி வினேஷ், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் தெருவில் உட்கார்ந்தார்கள். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். விஷயம் நீதிமன்றத்துக்குப் போனது. மே 28ஆம் தேதி புதிய பாராளுமன்றத்தை நோக்கிப் போனவர்களை போலீஸ் தரதரவென்று இழுத்துப் போன படம் உலகமெல்லாம் சுற்றியது. அதே வருடம் ஆகஸ்டில் பயிற்சியின்போது இடது முட்டியில் காயம். மும்பையில் ஆபரேஷன். ஆசிய விளையாட்டு கைவிட்டுப் போனது.

ஆபரேஷன் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத அந்த முட்டியோடுதான் பாரிஸ் போனார். ஆகஸ்ட் 6ஆம் தேதி ஒரே நாளில் மூன்று ஆட்டம். முதல் ஆட்டமே ஜப்பானின் யூய் சுசாகி. டோக்கியோவில் தங்கம் வாங்கியவர், அதுவரை வெளிநாட்டு வீராங்கனை யாரிடமும் தோற்காதவர். கடைசி சில வினாடி வரை 0-2 என்று பின்தங்கியிருந்த வினேஷ் 3-2 என்று ஜெயித்தார். அப்புறம் உக்ரைன், அப்புறம் கியூபா. ஒலிம்பிக் மல்யுத்த இறுதிக்குப் போன முதல் இந்தியப் பெண். மறுநாள் காலைதான் அந்த நூறு கிராம்.

நூறு கிராம் எப்படி வந்தது?

இது தெரியாமல் மற்ற விவாதம் எல்லாம் வீண்.

பாரிஸில் பெண்களுக்கு ஆறு எடைப்பிரிவுகள். 50, 53, 57, 62, 68, 76. வினேஷ் பல வருடமாக ஆடி வந்தது 53 கிலோ. ஆனால் அதில் அந்திம் பங்கால் என்ற இளம் பெண் 2023 உலகப் போட்டியில் வெண்கலம் வாங்கி இந்தியாவுக்கு ஒலிம்பிக் இடத்தைப் பிடித்துவிட்டார். வினேஷுக்கு இரண்டே வழி. மேலே 57க்குப் போய்த் தன்னைவிடப் பெரிய ஆட்களோடு மோதலாம், அல்லது உடம்பை வற்றவைத்து 50க்கு இறங்கலாம். இறங்கினார்.

இறங்குவது என்றால் கொழுப்பைக் குறைப்பது மட்டும் இல்லை. போட்டிக்கு முந்தின நாட்களில் சாப்பாட்டையும் தண்ணீரையும் நிறுத்தி, வியர்வையாக வெளியேற்றி, எடை பார்க்கிற அந்த ஒரு நிமிஷத்துக்காக உடம்பைப் பிழிவது. எடை பார்த்து முடிந்ததும் தெம்புக்காகச் சாப்பிட வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். உடனே எடை ஏறும். ஒரு பிரிவின் போட்டி இரண்டு நாள் நடப்பதால் மறுநாள் காலையும் எடை பார்ப்பார்கள். முதல் நாள் மூன்று ஆட்டம் முடிந்தபோது வினேஷின் எடை இரண்டரை கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் உடற்பயிற்சி, சானா, கடைசியில் தலைமுடியைக்கூட வெட்டிப் பார்த்தார்கள். நூறு கிராம் மட்டும் போகவில்லை.

இது வினேஷுக்கு மட்டும் வந்த சோதனையும் இல்லை. அதே பாரிஸில் வெண்கலம் வாங்கிய அமன் செஹ்ராவத் 2025 உலகப் போட்டியில் 1.7 கிலோ கூடுதலாக இருந்ததால் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பினார். இருபத்திரண்டு வயதுப் பையனுக்கே இந்தக் கதி.

விளையாட்டு நடுவர் மன்றத்தில் வினேஷ் வெள்ளிப் பதக்கம் கேட்டுப் போட்ட மனு 2024 ஆகஸ்ட் 14 அன்று தள்ளுபடி ஆனது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது அதன் சாரம். தப்பில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு ஒரு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டது. மேட்டில் தோற்றிருந்தால் அது வேறு. மேட்டில் யாரிடமும் தோற்காமலே வெளியேறியவருக்கு "முடிந்தது" என்று மனசு எப்படி ஒப்புக்கொள்ளும்?

வேண்டாம் என்பவர்கள் சொல்வது

நான்கு காரணம் சொல்கிறார்கள். நான்குமே உதறித் தள்ளக்கூடியவை அல்ல.

ஒன்று, உடம்பு. இரண்டு முட்டியும் பழுது பார்க்கப்பட்டவை. பிரசவம் உடம்பின் தசைநார்களைத் தளர்த்துகிறது. அது பழைய நிலைக்கு வர மாதக் கணக்கில் ஆகும். குஸ்தி முழுக்கக் காலைப் பிடித்து இழுக்கும் ஆட்டம்.

இரண்டு, வயது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் 2028 ஜூலையில். அப்போது அவருக்கு 34 ஆக ஒரு மாதம்தான் பாக்கி இருக்கும்.

மூன்று, 2024 அக்டோபரில் ஜுலானா தொகுதி மக்கள் ஆறாயிரத்துச் சொச்சம் ஓட்டு வித்தியாசத்தில் அவரைக் காங்கிரஸ் எம்.எல்.ஏ. ஆக்கினார்கள். ஓட்டுப் போட்டவர்கள் ரோடும் குடிதண்ணீரும் கேட்டுத்தான் போட்டிருப்பார்கள், ஒலிம்பிக் பதக்கம் கேட்டு இல்லை.

நான்கு, சின்னப் பெண்களின் இடம். ஒரு நாட்டுக்கு ஒரு பிரிவில் ஒருவர்தான் ஒலிம்பிக் போக முடியும். பெரிய பேர் திரும்பி வந்தால் வரிசையில் நிற்கிறவர்கள் பின்னால் தள்ளப்படுவார்கள்.

டிவி ரெஸ்லிங்கைப் பார்த்து ஏமாறக்கூடாது

"எட்ஜ் வரலையா? ஸ்டீவ் ஆஸ்டின் வரலையா?" என்று கேட்கும் ட்ரம்ப் கார்டு தலைமுறைக்கு ஒரு வார்த்தை.

வந்தார்கள்தான். கழுத்து எலும்புப் பிரச்சினையால் 2011இல் விலகிய எட்ஜ், ஒன்பது வருடம் கழித்து 2020 ராயல் ரம்பிளில் வந்து நின்றபோது அரங்கமே அதிர்ந்தது. (அதே வருடம் கைத்தசை கிழிந்து மறுபடி படுத்தார் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.) 2003இல் நிறுத்திய ஸ்டீவ் ஆஸ்டின் 2022 ரெஸில்மேனியாவில் 57 வயதில் ஒரு மேட்ச் ஆடினார். ரிக் ஃப்ளேர் 73 வயதில் "கடைசி மேட்ச்" என்று ஒன்று ஆடினார். அதைப் பார்த்துக் கை தட்டியவர்களைவிட, மனுஷன் உயிரோடு இறங்கினால் போதும் என்று பயந்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள்.

ஆனால் அங்கே எதிரில் நிற்பவர் எதிரியே இல்லை, கூட்டாளி. எங்கே வலி என்று தெரிந்து வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. முடிவும் முதலிலேயே பேசி வைத்தது. நிஜ மேட்டில் தலைகீழ். பழைய முட்டி எது என்று வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டு அந்தக் காலையே பிடித்து இழுப்பார்கள். அது அநியாயம் இல்லை, ஆட்டம். ஆகவே எட்ஜை உதாரணம் காட்டி வினேஷை வரச் சொல்லக்கூடாது.

'சார்பட்டா பரம்பரை' கபிலனையும் உதாரணம் காட்டக்கூடாது. சினிமாவில் ஒரு பாட்டு முடிவதற்குள் தொப்பை கரைந்துவிடும் :-)

பார்க்க வேண்டியது மேரி கோமை. 2007இல் இரட்டைக் குழந்தை பெற்றவர் 2008இல் மறுபடி உலக சாம்பியன். 2012 லண்டனில் வெண்கலம். 2013இல் மூன்றாவது குழந்தை, 2014 ஆசிய விளையாட்டில் தங்கம். 2018இல், 35 வயதில், ஆறாவது உலகப் பட்டம். "பிள்ளை பெற்றவள் வீட்டில் இருக்கட்டும்" என்பவர்களுக்கு இதற்கு மேல் பதில் வேண்டாம்.

அதே மேரி கோமின் கதைக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2022 ஜூனில் காமன்வெல்த் தேர்வுப் போட்டியில் முதல் ரவுண்டிலேயே முட்டி பிசகி உட்கார்ந்துவிட்டார். எதிரில் நின்ற நீது பிர்மிங்ஹாம் போய்த் தங்கத்தோடு வந்தார். திரும்பி வருபவர்கள் எல்லோரும் ஜெயிப்பதும் இல்லை, அதற்காக நாடு ஒன்றும் கவிழ்ந்து போவதும் இல்லை.

அரசியல்வாதி ஆட்டம் ஆடலாமா என்பதற்கு மேனி பாக்கியோ இருக்கிறார். பிலிப்பைன்ஸில் எம்.பி.யாகவும் பிறகு செனட்டராகவும் இருந்துகொண்டே குத்துச்சண்டை போட்டவர். ஓய்வு பெற்று நாலு வருடம் கழித்து 2025 ஜூலையில், 46 வயதில், உலகப் பட்டத்துக்காக மோதி டிரா செய்தார். ஆனால் சபைக்கு வராதவர் என்ற கெட்ட பேர் அவரை விடாமல் துரத்தியது. இரண்டு குதிரையில் சவாரி செய்யலாம், ஒரு குதிரை நொண்டும்.

அவனியாபுரம் சொல்லும் பாடம்

பழங்காநத்தத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி ஒன்றும் புதிதில்லை. பக்கத்து அவனியாபுரத்தில் தை முதல் நாள் வாடிவாசல் திறக்கும்போது நடப்பது இதுதானே? போன வருடம் தொடையில் தையல் போட்டுக்கொண்டு போனவர் இந்த வருடம் பனியன் மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். வீட்டில் அம்மா அழுதிருப்பார், பெண்டாட்டி பேசாமல் இருந்திருப்பார். அவர் வந்து நிற்பார்.

களத்தில் இறங்குமுன் டாக்டர் பார்க்கிறார். தகுதி இல்லை என்றால் வெளியே அனுப்புகிறார். தகுதி இருந்தால் உள்ளே. அப்புறம் "நீ பழைய ஆள், உனக்குச் சாதுவான மாடு விடுகிறோம்" என்று யாரும் சொல்வதில்லை. எந்த மாடு வருகிறதோ அதுதான். அவர் பிடித்தால் பிடித்தார், விட்டால் விட்டார். மாடு ஜெயித்தாலும் கூட்டம் விசில் அடிக்கும். தோற்றவரை "ஏண்டா வந்தே" என்று யாரும் கேட்பதில்லை.

மூன்று விஷயம் இதில் இருக்கிறது. உடம்பைப் பற்றி டாக்டர் சொல்லட்டும். இடத்தைப் பற்றிக் களம் சொல்லட்டும். வருவதா வேண்டாமா என்பதை மட்டும் அவரே சொல்லட்டும்.

அப்படியானால் வரலாமா?

வரலாம். ஆனால் சில விஷயங்களில் பழைய வழியில் வரக்கூடாது.

முதலில், 50 கிலோ வேண்டாம். 53இல் வளர்ந்த உடம்பை 50க்குள் திணித்ததுதான் பாரிஸின் மூலக் காரணம். அதே எடைக்கு 34ஐ நெருங்கும் வயதில், பிரசவத்துக்குப் பிறகு போவது பழைய கணக்கைத் தீர்ப்பது போலத் தோன்றலாம், உடம்புக்கு அது கொடுமை. 53இல் அந்திம் இருக்கிறார்; 2025 உலகப் போட்டியிலும் வெண்கலம் வாங்கியிருக்கிறார். 57இல் ஆட்கள் பெரியவர்கள். எது கஷ்டமோ அதுதான் நேர்மையான வழி.

இரண்டாவது, தேர்வுப் போட்டி இல்லாமல் எங்கேயும் போகக்கூடாது. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 ஆசிய விளையாட்டுக்கு வினேஷுக்கும் பஜ்ரங்குக்கும் தேர்வில்லாமல் நேரடி இடம் கொடுத்தார்கள். போராட்டத்தில் மாதக்கணக்கில் பயிற்சி போனது என்பது உண்மைதான். ஆனாலும் அந்திம் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனார். மனு தள்ளுபடி ஆனது. பிறகு வினேஷுக்கு முட்டி போக, அவர் இடத்தில் போன அந்திம் வெண்கலத்தோடு வந்தார். நியாயம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்த ஒருவர் இன்னொரு பெண் கேட்ட நியாயத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்க நேர்ந்தது அப்போதுதான். 2024 மார்ச்சில் பாட்டியாலாவில் தேர்வு ஆடி, 50 கிலோவில் ஜெயித்துத்தான் பாரிஸ் பாதையைத் தொடங்கினார். அந்த வினேஷ்தான் திரும்பி வர வேண்டும்.

இதில் சம்மேளனத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. சலுகை வேண்டாம் என்று சொல்லும் அதே வாயால், முட்டுக்கட்டையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். எதிர்த்துப் போராடியவர் என்பதற்காக ஃபைலைத் தூக்கிப் பரணில் போட்டால், அவரைத் தோற்கடித்தது வயதா, முட்டியா, ஆபீஸ் மேஜையா என்று கடைசி வரை தெரியாமலே போய்விடும்.

மூன்றாவது, ஜுலானா. சட்டசபைக்கும் மேட்டுக்கும் நடுவில் எதற்கு எத்தனை நேரம் என்று ஓட்டுப் போட்டவர்களிடம் வாய் திறந்து சொல்லிவிட வேண்டும். அவர்கள் சரி என்றால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம். இல்லை என்றால் இரண்டில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும்.

கடைசியாக ஒன்று

மேலே சொன்ன நிபந்தனை எல்லாம் அவருக்கு. ரசிகர்களுக்கும் ஒன்று உண்டு. அதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டம்.

பாரிஸ் முடிந்ததும் பலர் பேசிய பேச்சைக் கவனித்தால் தெரியும். "நாட்டுக்கு வர வேண்டிய பதக்கம் போச்சு." யாருக்கோ கடன் கொடுத்த மாதிரி. அவர் திரும்பி வருகிறார் என்றதும் அதே கூட்டம் "இந்த முறை தங்கம்தான்" என்று எழுத ஆரம்பித்துவிட்டது. இன்னொரு கூட்டம் "தோற்று அசிங்கப்படப் போகிறார், பேர் கெடும்" என்கிறது. இரண்டும் ஒரே தவறுதான். இரண்டு பேருக்குமே அவர் தோற்பது தாங்க முடியாத விஷயமாக இருக்கிறது.

கணக்குப்படி பார்த்தால் தோற்கத்தான் அதிக வாய்ப்பு. பத்துப் பன்னிரண்டு வயது சின்னவளான ஒரு பெண் தேர்வுப் போட்டியில் அவர் காலை வாரி, தோளை மேட்டில் அழுத்திவிடலாம். அதில் என்ன அசிங்கம்? மூன்று காமன்வெல்த் தங்கமும் சுசாகியை வென்ற அந்த ஆட்டமும் அன்றைக்கு அழிந்து போகுமா? 2022இல் மேரி கோம் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததால் ஆறு உலகப் பட்டத்தில் ஒன்று குறைந்ததா?

ஒரு விளையாட்டு வீரர் ஓய்வு பெற வேண்டிய இடம் எடை மெஷின் இல்லை. எதிரில் ஒருவர் நின்று, கை குலுக்கி, ஆறு நிமிஷம் மோதி, உன்னைவிட நான் மேல் என்று காட்டிவிட்டுப் போக வேண்டும். அந்தத் தோல்வி வினேஷுக்குப் பாரிஸில் கிடைக்கவில்லை. அவர் தேடி வருவது தங்கமாக இருக்கலாம். கிடைக்கப் போவது அந்தத் தோல்வி மட்டுமாக இருந்தாலும், அதைத் தேடி வர அவருக்கு உரிமை இருக்கிறது.

டாக்டர் சரி என்று சொல்லி, தேர்வில் இடம் பிடித்து அவர் மேட்டில் ஏறினால் பார்க்கிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஜெயித்தால் கை தட்ட வேண்டும். தோற்றாலும் அதே அளவு சத்தமாகத் தட்ட வேண்டும். அது முடியாது என்கிறவர்கள், தயவு செய்து அவரை "வா வா" என்று கூப்பிடாமல் இருந்தால் போதும்.